இலை உதிராத மேப்பிள்

அமெரிக்காவின் வெர்மாண்டில் கல்யாணமாகிப் புது வீட்டுக்கு வந்தவர்கள் வாசலில் ஜோடியாக இரண்டு மேப்பிள் கன்று நடுவார்கள். ஒன்று புருஷன், ஒன்று பெண்டாட்டி. லோரனும் அடேலும் நட்ட இரண்டும் இப்போது கூரையைத் தாண்டி நின்றன. அவற்றின் நடுவில்தான் தனக்குக் கல்யாணம் என்று மகள் கோரின் சின்ன வயதிலேயே சொல்லிவைத்திருந்தாள். ஆனால் அவள் குறித்ததோ அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை. அதற்குள் இலையெல்லாம் சிவந்து கொட்டி மரம் மொட்டையாகிவிடும் என்று லோரன் தலைபாடாக அடித்துக்கொண்டார். பெண் மசியவில்லை.

அவர் அதிர்ஷ்டம், அந்த வருடம் குளிர் வர மறந்தது. மாதம் முடியப் போகும்போதுதான் இரண்டு மரமும் ஒன்றாகச் சிவந்தன. இலை ஒன்றும் கொட்டவில்லை. லோரனுக்குத் தலைகால் புரியவில்லை. தானே பெயின்ட் அடித்ததுபோல் ஊரெல்லாம் பெருமை பேசித் திரிந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பனி கொட்ட ஆரம்பித்தது. ஈரப் பனி, கனமான பனி. வெறும் கிளையென்றால் வழுக்கி விழுந்திருக்கும். இங்கே ஒவ்வொரு இலையும் கை நீட்டி வாங்கிக்கொண்டது. கிளைகள் தாழ்ந்தன. அடேல் கொட்டகையிலிருந்து நீளக் கம்பை எடுத்து வந்தாள்.

“லோரன், தட்டி விட்டுடலாம். தாங்காது.”

“தட்டினா இலையும் சேர்ந்து கொட்டிடும். நாளைக்கு அவ மொட்டை மரத்தடியில நிக்கணுமா?”

“மரமே இல்லாம நின்னா பரவாயில்லையா?”

சாயங்காலத்துக்குள் பனி விட்டுவிடும் என்று சொல்லி, அவள் கையிலிருந்து கம்பை வாங்கிச் சுவரில் சாத்திவிட்டார்.

விடவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஏதோ ஒரு கிளை முறிந்த சத்தம் கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. கம்பை எடுத்துக்கொண்டு ஓடினார். கீழ்க்கிளைகளைத் தட்டினார். பாரம் முழுவதும் மேலே இருந்தது. அங்கே கம்பு எட்டவில்லை. அடேல் அவர் கோட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்திராவிட்டால் மரம் அவர் மேலேயே விழுந்திருக்கும். அவள் பேரில் நட்ட மரம் கவட்டையில் தொடங்கி அடிவரை பிளந்து, இரண்டு பக்கமும் சாவகாசமாகச் சாய்ந்தது. இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். வேறென்ன செய்ய முடியும்? கையிலிருந்த கம்பை எங்கே வைப்பது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

பாக்கெட்டில் போன் அடித்தது. கோரின்தான்.

“அப்பா, வந்துக்கிட்டே இருக்கோம். இங்க வெறும் மழைதான். மரத்துல இலை இருக்கா?”

லோரன் பார்த்தார். வெள்ளைப் பனிமேல் அத்தனை இலையும் சிவப்பாக, காம்பு விடாமல் கிளையைப் பிடித்துக்கொண்டு கிடந்தது.

“இருக்கும்மா,” என்றார். “ஒண்ணுகூட உதிரல.”