அடிக்கட்டை

ஓடையில் கழுத்தளவு தண்ணீர் ஓடியது. காலனியிலிருந்து சுடுகாட்டுக்கு அந்த ஓடைதான் வழி. ஊர்த்தெரு வழியாகக் காலனிப் பிணம் போனதே இல்லை. போக விடுவதும் இல்லை. மிச்சமிருந்தது தேவகி டீச்சரின் வயல் ஒன்றுதான்.

"போன மாசம் உத்திரமேரூர் கூட்டத்துல எல்லாரும் சமம்னு பேசினீங்க டீச்சர். நான்கூட கை தட்டினேன்" என்றான் ஜெகன். காலையில் அவன் அம்மா இறந்திருந்தாள். "இன்னிக்கு உங்க நெலத்துல வயி வுடுவீங்களா?"

தேவகி ஊர்த்தெருவில் பிறந்தவள்; இப்போது குடியிருப்பது உத்திரமேரூரில். நிலம் அவள் பெயரில் இருந்தது; பயிர் வைப்பது தம்பி ராஜாராம். கதிர் பால் பிடித்து நின்றது.

"வா, அறுக்கலாம்" என்றாள்.

"நாங்க கை வெச்சா நெல்லு திருட்டுன்னு கேஸ் குடுப்பாங்க. நீங்கதான் அறுக்கணும் டீச்சர்."

தேவகி அரிவாளோடு சேற்றில் இறங்கினாள். பழகாத கை. சீக்கிரமே விரல் கிழிந்தது. ராஜாராம் வரப்பில் வந்து நின்றான்.

"இன்னாக்கா, மைக் புடிக்கிற கையில அரிவாளா? இங்க யாரு கை தட்டுவாங்க?"

"தள்ளி நில்லுடா."

"அறு, அறு. அடிக்கட்ட கீதில்ல? பத்து நாள்ல துளுத்து வயி மூடிக்கும். ஆனா என் வூட்டுக் கதவு ஒனக்கு மூடினா மூடினதுதான்."

அவள் நிமிரவில்லை. ஒரு பாடை போகும் அகலத்துக்கு வயலின் அந்தக் கோடிவரை அறுத்து முடித்தாள்.

சாயங்காலம் பறைச்சத்தம் முன்னே போக, பாடை அவளைக் கடந்து போனது. பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. காலனிப் பெண்கள் பாதியிலேயே திரும்பி விட்டார்கள். அவர்களோடு போவதா, இங்கேயே நிற்பதா என்று தேவகிக்குத் தெரியவில்லை. நின்றாள்.

எரித்துவிட்டு ஆண்கள் ஈரத்துணியோடு திரும்பினார்கள். ஜெகன் அவளைப் பார்த்தான். அப்படியே கடந்து நடந்தான். சாவுக் காரியத்தில் யாரும் யாரிடமும் சொல்லிக்கொண்டு போவதில்லை. வழக்கம் தெரிந்தும் அவன் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊர்த்தெருவில் விளக்குகள் எரிந்தன. அங்கே இனி அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் தர வீடு இல்லை. உத்திரமேரூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அவள் போய் ஏறவில்லை.

மோட்டார் கொட்டகையிலிருந்து மண்வெட்டியை எடுத்து வந்தாள். முதல் அடிக்கட்டையை வேரோடு பெயர்த்துப் போட்டாள். அடுத்ததற்கு நகர்ந்தாள்.