இரவல் விரல்

1

இந்தக் கதை என் ஆசையில் பிறக்கவில்லை. ஒரு பத்திரிகை ஆசிரியர் ஃபோனில் பிறப்பித்தார். “பயோசென்சருக்கு ஒரு அறிமுகம் வேணும் சார். ஆனா சயின்ஸ் மாதிரி இருக்கக் கூடாது. ஒரு குடும்பத்தை உள்ள விடுங்க.”

முதல் வரி: ‘பயோசென்சர் என்பது உயிர்ப்பொருள் ஒன்றின் துணையுடன் வேதிப்பொருளைக் கண்டறிந்து…’

(எனக்கே கொட்டாவி வருகிறது. அடித்துவிட்டேன்.)

2

குடும்பம் வந்தாயிற்று. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், சர்க்கரை நோயாளி. வெளியூர் மகள் வாங்கிக் கொடுத்த சர்க்கரை பார்க்கும் கருவி, அளந்த எண்ணை அப்போதே அவள் ஃபோனுக்கு அனுப்பிவிடும். கேக்கை விட மனமில்லாதவர் ஒரு வழி கண்டுபிடித்தார். தினமும் மனைவியின் விரலைக் குத்தினார்.

[ஆசிரியர் அறிமுகம் கேட்டாரே, இதோ: ரத்தத்துளியைத் தொட்டுவைக்கும் ஸ்ட்ரிப்பின் நுனியில் ஒரு நொதி (என்சைம்). ரத்தத்தில் என்னென்னவோ இருந்தாலும் அது சர்க்கரையைத்தான் தேடிப் பிடிக்கும். அந்த வினையில் கிளம்பும் எலக்ட்ரான்களை மின்முனை வாங்கிக்கொள்ள, மின்சாரம் ஓடும். அதிகச் சர்க்கரை, அதிக மின்சாரம். கருவி அதை எண்ணாக்கிக் காட்டும். யாருடைய சர்க்கரை என்று விசாரிக்காது.]

சில வாரங்களாக எண் மெல்ல ஏறியது. மகள் அப்பாவைத் திட்டினாள். அவர் கருவியைத் திட்டினார்.

3

இன்று முந்நூறைத் தாண்டியது. மகள் ஃபோனில் கத்தினாள்: “அப்பா, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க!”

அவர் மனைவிமேல் பாய்ந்தார். “என்னடி பண்ணித் தொலைச்ச? இப்ப மாட்டிக்கிட்டது நான்!”

(இவரை இவ்வளவு கேவலமாக எழுதலாமா? நல்லவராக்கிப் பார்த்தேன். அவர் ஒத்துழைக்கவில்லை.)

“அது என் ரத்தம்ங்க,” என்றாள். பயந்துபோயிருந்தாள்.

4

முடிவு ஒன்று: சற்றுமுன் அவருக்காக ஆரஞ்சு உரித்தாள். விரலில் ஒட்டிய சாற்றையும் கருவி கணக்கில் சேர்த்துவிட்டது. எல்லோரும் சிரிக்கிறார்கள்.

முடிவு இரண்டு: ஏறிய எண்களெல்லாம் அவளுடைய நோய். அவளைத்தான் அக்கறையோடு யாரும் திட்டக்கூட இல்லை.

ஆசிரியருக்கு முதலாவது பிடிக்கும். எனக்கோ…

5

அவள் என்னைக் கேட்கவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தாள். கருவியும் ஃபோனுமாகப் படுக்கையறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள்.

வெளியிலிருந்து அவர் குரல் கொடுத்தார்: “கம்மியா வந்தா சொல்லு, அது என்னோடதுன்னு சொல்லிக்கலாம்!”

உள்ளே அவள் மகளிடம் பேசுவது கேட்டது. “இப்ப மறுபடி குத்திப் பார்த்து வந்த நம்பர் அப்பாவோடது இல்லம்மா. என்னோடது. இதுவரைக்கும் வந்ததும் என்னோடதுதான்.”

அந்த எண் எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். அவளிடமிருந்து எடுத்தது போதும். முடிவு வேண்டுமென்றால் நீங்களே ஒரு எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குமுன் கையை நன்றாகக் கழுவிவிடுங்கள்.