ஒன்றரை அடி உயரம்

வேலை கேட்டுப் போன இடத்தில் ஒன்றரை அடி உயரத்துக் குழாயின் மேல் நடந்து காட்டச் சொன்னார்களாம், மாட்டேன் என்று திரும்பி வந்துவிட்டானாம். இதைச் சொல்லிவிட்டுப் புருஷன் சுரேந்திரன் டீ கேட்டபோது மாரீஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள் என்று அவன் வந்து உட்கார்ந்ததிலிருந்து, நாலு மாதமாக அவள் பை தைத்துத்தான் அடுப்பு எரிகிறது. இப்போது கேட்டுப் போனது மும்பை ஒர்லியில் எழுபது மாடிக் கட்டடத்துக்குக் கண்ணாடி மாட்டும் வேலை. உயரத்தில் ஏறுகிற எவனும் அந்தக் குழாயில் பத்தடி நடந்தால்தான் பாஸ். நேற்று வந்த பயல்கள்கூடச் சிரித்துக்கொண்டே நடந்துவிட்டுப் போகிறார்கள். நாளைக் காலை இன்னொரு தடவை வா, அதோடு சரி என்று சூப்பர்வைசர் ஆஷிக் சொல்லி அனுப்பியிருக்கிறான்.

"புர்ஜ் கலீஃபால நூத்தி இருபதாவது மாடியில தொங்குனவன்ட்ட குழாயில நடக்கச் சொல்லுதான்" என்றான்.

ஆரம்பித்துவிட்டார். உலகத்திலேயே உசரமான கட்டடத்துக்கு இவர் கண்ணாடி மாட்டிய கதை தாராவியில் தெரியாத ஆள் இல்லை. தலைக்கவசத்தோடு மேகத்துக்கு நடுவே நிற்கிற போட்டோ சாமி படத்துக்கு மேலே மாட்டியிருக்கிறது. சவூதியில் அதைவிடப் பெரிதாக ஒன்று எழும்புகிறது என்று போனில் பார்த்த அன்று மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. என்னமோ இவரையே யாரோ வெட்டிக் குட்டையாக்கிவிட்ட மாதிரி.

மேலே மாடி அறையில் துபாய் சர்ட்டிபிகேட் இருக்கிறது, எடுத்துக் கொடு, அதைக் காட்டினால் போதும் என்றான். மடி நிறையப் பை. நீங்களே ஏறி எடுங்க என்றாள்.

இரும்பு ஏணியில் இரண்டு படி ஏறினான். நின்றான். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பிறகு மெல்ல இறங்கி, இடுப்பு பிடித்திருக்கிறது என்றான். நெற்றி முழுக்க வேர்வை.

மாரீஸ்வரி தையல் மிஷினை நிறுத்தினாள். பொங்கலிலிருந்து புழுக்கம் புழுக்கம் என்று கீழேதான் படுக்கிறான். ஜனவரியில் என்ன புழுக்கம்? மேலே துணி காயப்போடக்கூட ஏறுவதில்லை. இத்தனையும் பார்த்துக்கொண்டே மண்டு மாதிரி இருந்திருக்கிறோமே என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"எத்தன நாளா?"

அவன் போட்டோவைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "சாரத்துல நிக்கும்போது தல சுத்திச்சு. எறங்கிட்டேன். அவங்க என்ன நிறுத்தலட்டி. நான்தான் நின்னுட்டேன்."

நாலு மாதம். ஒரு வார்த்தை சொன்னால் வாய் முத்தா உதிர்ந்துவிடும்? துணி வெட்டுகிற பலகையைத் தூக்கிக்கொண்டு போய், சந்தில் இரண்டு எண்ணெய் டின்களைக் கவிழ்த்து அதன் மேல் போட்டாள். எதிர்வீட்டுப் பேராச்சி வாசலுக்கு வந்துவிட்டாள். வரட்டும்.

"ஏறி நடங்க. நடந்துட்டா நாளைக்குப் போங்க. முடியலன்னா அந்தப் பக்கமே போகப்பிடாது."

அவன் நடந்துவிட வேண்டும் என்றிருந்தது அவளுக்கு. நடந்துவிட்டால், எழுபது மாடி.

சுரேந்திரன் செருப்பைக் கழற்றினான். ஒரு காலைப் பலகையில் வைத்தான். பலகை லேசாக ஆடியது. அவன் கை அவள் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது. இன்னொரு கால் தரையிலேயே இருந்தது.