இரண்டு கைப் பேச்சு

"எழுதுற கை எது?" என்று டாக்டரம்மா கேட்டார். நான் சைகையில் மாற்றிச் சொன்னதும் தம்பி வலது கையைத் தூக்கிக் காட்டினான். "அப்ப இடது கையில தோல் எடுத்துக்கலாம்," என்று அவர் குறித்துக்கொண்டார்.

தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இப்போது புற்றுநோய் வந்த அவன் நாக்கில் பாதியை வெட்டிவிட்டு, முன்கைத் தோலை அதன் ரத்தக்குழாயோடு எடுத்து, வாய்க்குள் புது நாக்காகத் தைப்பார்களாம். கையில் விழும் பள்ளத்துக்குத் தொடைத்தோலை ஒட்டுவார்களாம்.

"டாக்டர், இவன் ரெண்டு கையாலதான் பேசுவான். ஒரு கைய முடக்கிட்டா பாதிப் பேச்சு போயிடும்," என்றேன்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "இப்படி நான் யோசிச்சதே இல்லம்மா," என்றார். நாக்குக்குத் தொடையிலிருந்து எடுத்தால் சதை தடிப்பு, விழுங்கச் சிரமம், முன்கைத் தோல்தான் மெல்லிசு என்று விளக்கினார். விரல்கள் பெரும்பாலும் பழையபடி வந்துவிடும். ஆனால் ஒட்டுத்தோல் பிடிக்காவிட்டால் விரல் இறுகலாம் என்றும் மறைக்காமல் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். தம்பி என் தோளைத் தட்டினான்.

"முழுங்கினாத்தானேக்கா பேச உசுரு இருக்கும்," என்று கையால் சொன்னான். எமகாதகன், எதற்கும் பதில் வைத்திருப்பான்.

அறுவைக்குப் பிறகு இடது கையில் மாவுக்கட்டு, வலது கையில் ஊசிக்குழாய். ஓயாமல் பேசுகிறவன் கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு கிடந்தான். நர்ஸ் அடிக்கடி வந்து டார்ச் அடித்து வாய்க்குள் பார்ப்பார். ஒருமுறை நானும் எட்டிப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேலே இருந்த தோல், அதே நிறத்தில், தன் மச்சத்தோடு வாய்க்குள் உயிரோடு இருந்தது. கும்பிடத் தோன்றியது. யாரைக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை.

கட்டுப் பிரித்த அன்று கையைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஓரத்தில் காசளவு இடத்தில் ஒட்டுத்தோல் பிடிக்காமல் கறுத்திருந்தது.

"போச்சா டாக்டர்?"

"அது தானா ஆறிடும். விரலை மடக்கச் சொல்லுங்க."

சொன்னேன். மடக்கினான். தொடையிலிருந்து வந்த அந்த மெல்லிய தோலுக்கடியில் நரம்பு நரம்பாக ஏதோ முன்னும் பின்னும் ஓடியது. விரலை இழுக்கும் தசைநாண்களாம். ஒரு மனிதன் பேசுவதை உள்ளிருந்து பார்க்கிற மாதிரி இருந்தது. எத்தனையோ கைகளைப் பார்த்த டாக்டரம்மாவும் குனிந்தவர் நிமிரவில்லை.

பிறகு இரண்டு கைகளும் சேர்ந்து எழும்பின. இடது மோதிர விரல் மட்டும் சற்றுப் பின்தங்கி, ஓடி வந்து சேர்ந்துகொண்டது. பக்கத்துக் கட்டில்காரரின் கால் நாற்றம், நர்ஸ் முன்னால் நான் அழுது மானத்தை வாங்கியது, பதற்றத்தில் நான் கையால் உளறிய உளறல் என்று ஒன்றையும் விடாமல் கொட்டினான்.

"என்னம்மா சொல்றார்?" என்று டாக்டரம்மா கேட்டார்.

என் கண்ணீர் மோவாய்வரை வந்துவிட்டது. துடைக்கிற நேரத்தில் ஒரு வார்த்தை தவறிவிடுமோ என்று அப்படியே விட்டேன்.

"இருங்க டாக்டர். அவன் இன்னும் முடிக்கல."