கோணல் வகிடு

என் வீட்டுக்காரருக்கு இறந்தவர்களை வரைவதுதான் பிழைப்பு. யாராவது போய்விட்டால் வீட்டார் கையகலப் புகைப்படம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதன்மேல் பென்சிலால் கட்டம் போடுவார். பெரிய கேன்வாஸிலும் அதே கணக்கில் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துப் பார்த்து நிரப்புவார். மாறுகண்ணை நேராக்குவார், தூக்கிய பல்லை உள்ளே தள்ளுவார். வாங்குகிறவர்கள் அச்சு அசல் அப்பாவேதான் என்று அழுதுகொண்டே போவார்கள். ஈயடிச்சான் காப்பிக்கு இவ்வளவு பந்தாவா என்று நான் சீண்டுவேன், சிரித்துக்கொள்வார்.

நான் விடியும் முன்பே ஆலைக்குக் கிளம்பிவிடுவேன். அதனால் எங்கள் ஒரே மகள் வாலுவுக்குத் தலைவாரிப் பின்னிவிடுவது அவர்தான். சாயங்காலம் வந்து பார்த்தால் வகிடு கோணிக்கொண்டு கிடக்கும். ஊரார் மூக்கையெல்லாம் நிமிர்த்துகிற கைக்கு ஒரு வகிடு நேராக எடுக்க வரவில்லையே என்று திட்டுவேன். பின்னி முடிப்பதற்குள் திரும்பத் திமிறுகிறாள் என்று பழியை அவள்மேல் போடுவார்.

அவருக்கு ஒரு பைத்தியக்காரப் பயம் இருந்தது. தன் மேசைக்கு வருகிற புகைப்படமெல்லாம் செத்தவர்களுடையது என்பதால், வாலுவை யாரும் படமெடுக்க விடமாட்டார். பள்ளிக்கூடத்தில் வகுப்போடு நிற்கவைத்து எடுத்த அன்று, வயிற்றுவலி என்று பொய் சொல்லி அவளை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார். அவள் அழுது ஊரைக் கூட்டினாள். நானும் கத்தினேன். மனிதர் அசையவில்லை.

அப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளையைத்தான் காய்ச்சல் கொண்டுபோனது.

கொஞ்ச நாளிலேயே எனக்கு அவள் முகம் நழுவ ஆரம்பித்தது. கன்னம் ஞாபகம் வந்தால் கண் வராது. பெற்றவளுக்கு இப்படி ஆகலாமா? ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் வரைகிற மனுஷன் என் பிள்ளையையும் வரைந்து தரட்டும் என்று பிடிவாதம் பிடித்தேன்.

கட்டம் போட்டார். பார்த்து வரைய எதுவும் இல்லாமல் வெறும் கட்டங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஒரு முகம் வந்தது. லட்சணமான முகம். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூக்கு, அவர் முன்பு வரைந்த தையல்காரர் மகளுடையது. கண்கள் மருந்துக்கடைக்காரர் பேத்தியுடையவை. கை, பழகின இடத்துக்கே போயிருக்கிறது.

"இது யாரு வீட்டுப் பிள்ளை? பெத்த பொண்ணு மூஞ்சிகூடவா உங்களுக்குத் தெரியாது?"

நாக்கில் சனி, ஒரே ஒரு படம் எடுக்க விட்டிருந்தால் இந்தக் கதி வருமா என்று அதையும் சொல்லித் தொலைத்தேன். கேன்வாஸைத் திருப்பிச் சுவரோடு சாய்த்துவிட்டு எழுந்து போனார். அன்று இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

அதற்கப்புறம் வேலையறைக் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு விடுமுறை நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்.

இந்தக் கேன்வாஸில் கட்டமே இல்லை. முக்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னப் பிள்ளையின் முதுகு. ஒரு சடை பின்னியாகிவிட்டது, மறுபக்க முடி பாதிப் பின்னலில் அவிழ்ந்து கிடக்கிறது. பொறுமையில்லாமல் ஒரு தோள் தூக்கியிருக்கிறது. வகிடு உச்சியில் ஆரம்பித்து, கோணிக்கொண்டு பிடரிக்கு இறங்குகிறது.

"தினமும் நான் பாத்தது இதுதான். இத எதையும் பாத்து வரையல," என்றார்.

அது அவளேதான். அந்த வகிட்டை அவர் நேராக்கவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

படம் இப்போது கூடத்தில் தொங்குகிறது. வருகிறவர்கள் முகமில்லாத படம் எதற்கு என்கிறார்கள். எனக்கும் முகம்தான் வேண்டியிருந்தது. வேலைக்குக் கிளம்பும்போது அதன் முன்னால் நின்று, "ஒரு தடவ இந்தப் பக்கம் திரும்புடி," என்று கெஞ்சுகிறேன். அப்பா இன்னும் பின்னி முடிக்கவில்லை, அதனால்தான் திரும்பவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கதவைச் சாத்துகிறேன்.