கனகாம்பிகைக்கு அச்சடித்த கல்வெட்டு

கொக்குவிலில் ரயில் பாதையோரத்து மண்டபம் ஒன்றில், மேடையின் நடுக்கதிரையில், பத்தாவது பொன்னாடையையும் தோளில் சுமந்துகொண்டு கனகாம்பிகை உட்கார்ந்திருந்தாள். பொன்னாடை என்பது பேச்சுக்குத்தான். ஏழாவதை அவள் கண்டவுடனேயே அடையாளம் பிடித்துவிட்டாள். போன வருடம் ஒரு விழாவில் அவளுக்குப் போர்த்தியது. அதை அவள் இன்னொருவருக்குப் போர்த்தித் தலை முழுகியிருந்தாள். ஊரெல்லாம் சுற்றி, ஓரத்தில் அவளுடைய முகப்பவுடர்க் கறையும் அப்படியே இருக்க, அது திரும்பவும் அவளிடமே வந்து சேர்ந்திருந்தது.

எழுபத்தாறு வயதில் இந்தப் பாராட்டு விழாக் கூத்துக்கு அவள் சம்மதித்தது பொன்னாடைக்கு ஆசைப்பட்டல்ல, பத்து நிமிடத்துக்கு ஆசைப்பட்டு.

பதினொரு வயதில் மேடையேறியவள். இசைநாடகத்தில் நாற்பது வருடம் ராணி. கொழும்பில் ஐந்து படங்களில் நடித்தாள், ஐந்தின் சுருள்களும் எண்பத்துமூன்று கலவரத்தில் எரிந்து சாம்பலாயின. பிறகு குறும்படக் காலம் வந்தது. வெளிநாட்டுக் காசும் ட்ரோனுமாக வந்திறங்கிய பிள்ளைகள் அவளுக்கென்று இரண்டே இரண்டு வேலை வைத்திருந்தார்கள். ஒன்று, மாலை போட்ட படத்தைக் கட்டிப்பிடித்து அழுவது. மற்றது, பாயில் பிணமாகக் கிடப்பது. பதினேழு படத்தில் பதினொன்றில் பிணம். அந்தப் பெரிய மேதைகளில் ஒருவனுக்காவது அவளை வாய் திறந்து பாடச் சொல்லத் தோன்றவில்லை. ஆகவே கனகாம்பிகை பாடி நடித்தவள் என்பதற்கு இந்தப் பூமியில் ஒரு துண்டுச் சாட்சி கிடையாது. நாளைக்குக் கண்ணை மூடினால் அவள் பிணமாகக் கிடந்தது மட்டும்தான் மிஞ்சும்.

அதனால்தான் விழாத் தலைவர் முத்துக்குமாரு கொழும்புத்துறைக்கு வீடு தேடி வந்தபோது அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மேடையிலை எனக்குப் பத்து நிமிசம் தருவியளோ மாஸ்ரர்? அதை வீடியோவும் பிடிக்க வேணும்."

"பத்தென்ன அம்மா, பதினைஞ்சு தாறம்."

முத்துக்குமாரு இளைப்பாறிய உப அதிபர். அவரிடம் இரண்டு வித்தை இருந்தது. ஒலிவாங்கியைக் கண்டால் விடமாட்டார், சாவீட்டைக் கண்டாலும் விடமாட்டார். சுற்றுவட்டாரத்தில் யார் கண்ணை மூடினாலும், முப்பத்தோராம் நாள் வாசித்துக் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்துக்கு வாழ்க்கை வரலாறும் புலம்பல் பாட்டும் அவர்தான் எழுதுவார். முப்பது வருடமாக இதே தொழில். செத்தவர்கள் எழும்பி வந்து ஆட்சேபிக்க முடியாததால் அவருடைய கவிதையும் தப்பிப் பிழைத்து வந்தது.

ஆசியுரை முடிந்தது. வாழ்த்துரைகள் ஐந்து முடிந்தன. தலைவர் நாற்பத்தைந்து நிமிடம் பேசினார். பள்ளிக்கூட நாடகமொன்றில் தான் வாயிற்காவலனாக வேல் பிடித்து நின்றதை அவர் விவரித்த விவரிப்பில், அந்த அரசனே சிம்மாசனத்தை விட்டுவிட்டு ஓடியிருப்பான். கனகாம்பிகையைப் பற்றி ஒரு வசனம் வந்தது, அதிலும் அவள் வயதைப் பிழையாகச் சொன்னார். மேடையோரத்தில் ஆர்மோனியத்தை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மணித்தியாலமாகக் காத்திருந்த கிறகோரி அண்ணை கொட்டாவி விட்டார். கீழே கமராவுக்குப் பின்னால் றிஸ்வி நின்றான். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டுக் கலைக்கும்வரை அவளுடைய நாடகங்களுக்கு லைற் போட்டவர் அவனுடைய வாப்பா.

ஒன்றரை மணிக்கு முத்துக்குமாரு அவள் காதருகே குனிந்தார்.

"நேரம் போட்டுது அம்மா. பாட்டை விடுவம். ரெண்டு வசனத்திலை நன்றி சொல்லி முடியுங்கோ, சாப்பாடு ஆறுது."

அதைக் கேட்டதும் அவளுக்கு உள்ளங்கால் வரை கொதித்தது. சபையில் பாதி ஏற்கெனவே எழும்பி, குழம்பு வாசம் வந்த பக்கம் நகரத் தொடங்கியிருந்தது. கோபத்தை அடக்க ஏதாவது வேண்டுமே என்று, மடியில் கிடந்த விழா மலரை விரித்தாள். தலைவரே எழுதியது. பக்கங்களைத் தட்டிக்கொண்டு போனவள் பதினாறாம் பக்கத்தில் நின்றாள். இரண்டு தரம் வாசித்தாள். பிறகு எழும்பிப் போய் ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"எல்லாரும் இருங்கோ. மாஸ்ரர் எனக்குக் கல்வெட்டு அச்சடிச்சிருக்கிறார்."

நடந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பதினாறாம் பக்கத்தைப் பாருங்கோ. 'ரசிகர் புலம்பல்' எண்டு போட்டுக் கிடக்குது. 'எங்களைத் தவிக்கவிட்டு எங்கு சென்றீர் தாயே' எண்டு கேட்டிருக்கிறார். நான் ஒரு இடமும் போகேல்லை, காலமை ஒன்பது மணியிலையிருந்து இந்தக் கதிரையிலைதான் இருக்கிறன். கடைசி வரியிலை என்ரை ஆத்மா சாந்தியடையவும் பிரார்த்திச்சிருக்கிறார்."

முத்துக்குமாரு மலரைப் புரட்டினார். பழக்கதோஷம். கை தன்பாட்டில் எழுதிவிட்டது. முகம் வேப்பெண்ணெய் குடித்தது போலாயிற்று.

"பிழையில்லை மாஸ்ரர்," என்றாள் அவள். "ஆனால் கல்வெட்டு வாசிச்சு முடியாமல் பந்தி போடுற வழக்கம் எங்கடை சனத்திட்டை இல்லை. செத்தவளை அந்தரிக்க விட்டிட்டுச் சோறு இறங்குமெண்டால், இப்ப எழும்பிப் போங்கோ."

ஒருவரும் போகவில்லை. எழும்பியவர்களும் வந்து இருந்தார்கள். சோற்றுக் கரண்டியோடு வாசலில் நின்றவரும் அப்படியே நின்றார்.

பொன்னாடைகள் பத்தையும் உருவிக் கதிரையில் போட்டாள். கிறகோரி அண்ணை சுருதி கொடுத்தார். மாஸ்ரரின் பாட்டில் இரண்டு அடி பாடிப் பார்த்தாள், சகிக்கவில்லை. விட்டுவிட்டுத் தன்னுடைய பாட்டுக்குத் தாவினாள். பிள்ளையைப் பறிகொடுத்த ராணி சபை நடுவே வந்து அரசனைச் சபிக்கும் இடம். கீழே றிஸ்வி கமராவைப் பார்த்து முகம் சுளிப்பதும், அவசரமாகப் பொத்தான்களை அமத்துவதும், பிறகு அவளை நோக்கித் தலையாட்டுவதும் தெரிந்தது. அதற்குப் பிறகு அவள் அவனைப் பார்க்கவில்லை. முழங்கால் நோவையும் மறந்தாள். பதினாறு நிமிடம் பாடினாள், ஆடினாள், அரசனின் பரம்பரையே நாசமாய்ப் போகச் சபித்தாள். அத்தனை சாபத்தையும் அவள் முத்துக்குமாருவைப் பார்த்தே சொன்னாள். ரயில் ஒன்று கடந்து போனது, அவளுடைய குரல் அதற்கும் மேலே நின்றது. முடிந்தபோது வாசலில் நின்றவர் கரண்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினார், பிறகு சபை முழுவதும் தட்டியது.

பந்தி நடந்துகொண்டிருக்க, முத்துக்குமாரு றிஸ்வியிடம் போனார். வெட்கம் பாதி, ஆசை பாதி.

"தம்பி, என்ரை பேச்சை மட்டும் தனியாய் வெட்டித் தாரும். கனடாவிலை மகன் பார்க்கோணுமாம்."

"கமரா மெமரி கார்ட்டிலை இடம் முடிஞ்சு போச்சு சேர். அம்மா பாடத் தொடங்கேக்கை ஒண்டை அழிக்க வேண்டி வந்தது."

"எதை அழிச்சனீர்?"

"ஆகப் பெரிசை."

பக்கத்தில் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்த கனகாம்பிகை கையைத் துடைத்தாள். மலரிலிருந்து பதினாறாம் பக்கத்தைப் பதமாகக் கிழித்து முத்துக்குமாருவின் கையில் வைத்தாள்.

"இந்தாங்கோ மாஸ்ரர். உங்கடை பேச்சுக்கு வாசியுங்கோ."