கப்பித்தானின் பத்து நகங்கள்

பூனைமேல் இசபெல்லாவுக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது. அவள் வன்மமெல்லாம் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு திரியும் புருஷன் ரோச் மேல்தான்.

ரோச் தோணியை நடத்தும் தண்டல். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் பாய்த்தோணியில் அவன் வைத்ததுதான் சட்டம். சரக்கை எலி தொடாமலிருக்கக் கப்பித்தான் என்கிற அந்தப் பூனையும் கூடப் போகும். ஆனி, ஆடிக் காற்றில் தோணி கரையில் கிடக்கும் நாளெல்லாம் அது வீட்டில் கிடந்து கட்டில் கயிற்றைப் பிராண்டும். அப்போது நகம் வெட்டுவது இசபெல்லாவின் வேலை. ஆனால் ஆடியில் மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால், தோணி கிளம்பும் நாள் நெருங்கிவிட்டதென்று நகத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. கடலுக்குப் போகும்போது பூனை முழு நகத்தோடு போகவேண்டும் என்பது ரோச்சின் உத்தரவு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்ததை அவளால் மறக்க முடியவில்லை. எழுபதாம் வருஷம். தோணியில் சரக்குக் காவல் அவள் தம்பி வில்பிரட். கொழும்பில் இறக்கும்போது மூன்று கருப்பட்டிச் சிப்பம் ஓட்டை விழுந்து பாதி காலி.

"எலி தின்னுட்டு அத்தான்" என்றான் வில்பிரட்.

"ஓட்டைய எலியும் போடும், கத்தியும் போடும். பூனை இருக்கிற தோணியில எலியா லே?" என்று தோணி முதலாளி ஞானையாவுக்கு முன்னாலேயே கேட்டான் ரோச். துறையே சிரித்தது. கள்ளன் என்ற பெயரோடு கரை ஏறிய வில்பிரட் அன்றிலிருந்து உப்பளத்தில் உப்பு வாருகிறான். பேசி முடித்திருந்த பெண்ணையும் கொடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இசபெல்லா அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். "பூனை பொய் சொல்லாதுளா" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான் ரோச். ஆகட்டும், பூனையே பேசட்டும் என்று அன்றைக்கே அவள் மனதில் விழுந்துவிட்டது. துணியத்தான் மூன்று வருஷமாயிற்று.

இந்த வருஷம் தோணி கிளம்புகிற அன்று காலை ரோச் பூசைக்குப் போயிருந்தான். அவனுடைய பழைய சாரத் துணியில் பூனையைக் கழுத்துவரை சுற்றி மடியில் இடுக்கிக்கொண்டாள். முன்னங்காலை மட்டும் வெளியே எடுத்து, விரலடிச் சதையை மெல்ல அமுக்கினாள். நகம் எட்டிப் பார்த்தது. வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் ரோஜா நிறத்தில் ரத்த ஓட்டம் தெரியும். அதைத் தொட்டால் பூனை துடித்துவிடும். அதற்குச் சற்று முன்னால், கொழும்பிலிருந்து ரோச் வாங்கிவந்த நகவெட்டியாலேயே, டக்கென்று ஒன்று. ஒரு காலுக்கு ஐந்து வீதம் பத்து. "ஒனக்கு வலிக்காதுய்யா. வலிக்கவேண்டிய ஆளு வேற" என்று அதன் நெற்றியைத் தடவினாள். வெட்டிய பத்துத் துண்டுகளையும் மூக்குப்பொடி டப்பாவில் போட்டு மூடினாள்.

பூனை நகத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும் பிராணி. யார் பார்க்கப்போகிறார்கள்?

ஒன்றரை மாதம் கழித்து ரோச் செத்த முகத்தோடு வந்தான். தண்டல் வேலை போய்விட்டது.

"ஏழு சிப்பம்ளா! எலிதான் தின்னுச்சுன்னு மாதா மேல சத்தியம் பண்ணுனேன். 'பூனை இருக்கிற தோணியில எலியா வே? நீர் சொன்ன நியாயந்தானவே'ங்காரு ஞானையா. துறையே சிரிக்கி. கப்பித்தானும் பாயத்தான் செஞ்சுது, பிடிதான் நிக்கல. என்ன மாயம்னு தெரியல."

இசபெல்லா சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"மாயமில்ல. நான்தான் நகத்த வெட்டுனேன்."

ரோச் பூனையின் காலைப் பிடித்து அமுக்கிப் பார்த்தான். நகம் கூராக வளர்ந்திருந்தது.

"முளைச்சிட்டுல்லா! இனி யாரு நம்புவா?" ஓங்கின கை அந்தரத்திலேயே நின்றது.

"அடிங்க. வெட்டுன துண்டு பத்தும் டப்பாவுல இருக்கு. முதலாளிகிட்ட நானே வந்து சொல்லுதேன், ஏசட்டும். ஆனா டப்பா இங்க இல்ல. வில்பிரட்கிட்ட குடுத்திருக்கேன். போய் வாங்கிட்டு வாங்க. முன்ன மாதிரி 'மாப்ளே'ன்னு கூப்பிட்டுக் கேளுங்க."

ரோச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். கையை உதறிவிட்டு உச்சி வெயிலில் அவன் உப்பளத்துக்கு நடந்தான். இசபெல்லாவும் பின்னாலேயே போனாள். மூன்று வருஷம் காத்திருந்தவள், இதைப் பார்க்காமல் விடுவாளா?

பாத்திக்குள் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தான் வில்பிரட். "மாப்ளே" என்று ரோச் கூப்பிட்டதும் சுற்றி வேலை பார்த்தவர்கள் எல்லாம் நிமிர்ந்தார்கள். ரோச் தலையைத் தொங்கப்போட்டபடி எலி தின்ற கதையைச் சொல்லி டப்பாவைக் கேட்டான்.

"பூனை இருக்கிற தோணியில எலியா அத்தான்?" என்றான் வில்பிரட்.

யாரோ சிரித்தார்கள். இசபெல்லாவுக்கு அன்றைக்குத்தான் வயிறு குளிர்ந்தது.

வில்பிரட் காலைக் கழுவி வரப்பில் ஏறினான். மடியிலிருந்த டப்பாவை எடுத்துக் காட்டினான், கொடுக்கவில்லை.

"வாங்க, முதலாளிகிட்டப் போவோம். நான் கள்ளன் இல்லன்னு நீங்கதான் சொல்லணும். முதல்ல என் எலி, பிறகு உங்க எலி."